சரக்கும் நிய்யத்தும்



2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஈரான் தேசத்தின் மீது இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு வீசிய நாள் முதல், நம்மவர் கூடுமிடங்களில் ஒரு தர்க்கம் ஓய்ந்தபாடில்லை. "ஈரான் யுரேனியத்தைச் செறிவூட்டியது அணுகுண்டு செய்வதற்கே" என்பார் ஒரு சாரார். "மின்சாரத்துக்கும் வைத்தியத்துக்கும் செய்ததை வைத்து வீண்பழி சுமத்தினார்கள்" என்பார் மறு சாரார். இரு சாராரும் தமக்குப் பிடித்தவர் யார், பிடிக்காதவர் யார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகுதான் காரணம் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோலா கெத்திலில் மளிகைக் கடை நடத்தும் எனக்கு, மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்ததும்தான் கல்வி. இவனுக்கு அணு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். விஞ்ஞானம் விஞ்ஞானிகளுடையது. ஆனால் இந்தத் தர்க்கத்தின் வேரில் உள்ள கேள்வி நம்முடையது. ஒருவன் கையில் வைத்திருக்கும் சரக்கைக் கொண்டு அவன் மனத்தில் வைத்திருக்கும் நிய்யத்தை அறிய முடியுமா? அறிய முடியாதென்றால் நாம் யாரையும் எதுவும் கேட்கக் கூடாதா? அறிய முடியுமென்றால் எந்த அளவுக்குத் தெரிந்தபின் என்ன செய்யலாம்? தராசு பிடிக்கிறவன் எவனுக்கும் இது அந்நியமான கேள்வியன்று.

முதலில் செறிவூட்டுதல் என்றால் என்னவென்று பார்ப்போம். பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் எளிதில் பிளந்து சக்தி தரும் இலேசான வகை. இதை யுரேனியம் 235 என்கிறார்கள். மற்ற 993 பங்கும் சற்றே கனமான 238 என்னும் வகை. இரண்டும் ஒரே பொருள். நிறத்தாலோ மருந்தாலோ பிரிக்க முடியாது. எடையில் உள்ள மிகச் சிறு வித்தியாசம் ஒன்றே வழி. ஆகவே அதை வாயுவாக்கி, மிக வேகமாகச் சுழலும் குழாய்களுக்குள் விடுகிறார்கள். கனமானது ஓரத்துக்கு ஒதுங்கும். இலேசானது நடுவில் நிற்கும். நடுவில் நின்றதை எடுத்து அடுத்த குழாய்க்கு அனுப்புகிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சுழல் இயந்திரங்களை வரிசையாகக் கோத்து, இலேசான வகையின் பங்கை உயர்த்துவதே செறிவூட்டுதல்.

மின்சார உலைக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு இருந்தால் பெரும்பாலும் போதும். குண்டுக்குத் தொண்ணூறு வரை ஏற்றுவார்கள். நாலுக்கும் தொண்ணூறுக்கும் வெகு தூரம் என்று நாம் நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. ஒரு முறத்தில் ஏழு மணி அரிசியும் 993 கல்லும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அரிசியின் பங்கு நூற்றுக்கு நாலாக வேண்டுமானால் 825 கல்லைப் பொறுக்கி எறிய வேண்டும். முறத்தில் 175 மிஞ்சும். நூற்றுக்கு இருபதாக்க மேலும் 140 கல். அறுபதாக்க மேலும் 23 கல். அறுபதைத் தொண்ணூறாக்க இன்னும் நாலே கல்! ஆலையில் சேதாரம் உண்டு. கணக்கு இவ்வளவு சுத்தமாக இராது. எனினும் போக்கு இதுதான். விளக்கெரிக்கும் அளவுக்குப் பொறுக்கியவன், குண்டுக்கான வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டவனாகிறான். ஒரே முறம், ஒரே கை, ஒரே வேலை. விவாதம் முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

அப்படியானால் செறிவூட்டுகிறவர்கள் எல்லாரும் குண்டு செய்கிறவர்களா? உலகத்தைப் பார்த்தால் அவ்வாறில்லை. ஜெர்மனியும் ஹாலந்தும் செறிவூட்டுகின்றன. ஜப்பானிலும் பிரேசிலிலும் அதற்கான ஆலைகள் உண்டு. இந்நான்கும் குண்டு செய்யவில்லை. மறுபுறம் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசு தானே செறிவூட்டிய யுரேனியத்தைக் கொண்டு ரகசியமாக ஆறு குண்டுகள் செய்து, பின்னர் அவற்றைப் பிரித்துப்போட்டு, 1993இல்தான் உலகத்துக்குச் சொல்லிற்று. பாகிஸ்தானும் கஹூட்டாவில் செறிவூட்டித்தான் குண்டுக்கு வழி தேடி, 1998 மே மாதம் வெடித்துக் காட்டிற்று.

சரி, செறிவூட்டாதவர் குண்டு செய்யமாட்டாரா? அதுவும் இல்லை. நம்மில் பலருடைய முன்னோரின் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1974 மே 18ஆம் தேதி இந்தியா பொக்ரானில் வெடித்தது செறிவூட்டிய யுரேனியமன்று, புளூட்டோனியம். அது பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் இருந்த சைரஸ் என்னும் ஆராய்ச்சி உலையில் விளைந்தது. உலையைக் கொடுத்தது கனடா. அதற்குக் கனநீர் கொடுத்தது அமெரிக்கா. சமாதானக் காரியங்களுக்கே உபயோகிப்போம் என்று வாக்குக் கொடுத்து வாங்கியது இந்தியா. வெடித்தபின், "இதுவும் சமாதான வெடிப்பே" என்று சொல்லப்பட்டது. கல்பாக்கத்து மின் உலைகள் இயற்கை யுரேனியத்திலேயே ஓடுகிறவை, செறிவூட்டல் வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமைக் கூடங்குளத்து உலைகளுக்கோ செறிவூட்டிய எரிபொருள் வேண்டும். அது ருஷ்யாவிலிருந்து வருகிறது. சர்வதேசப் பரிசோதனைக்கும் உட்பட்டது. செறிவூட்டல் என்ற ஒன்றை மட்டும் அடையாளமாக வைத்தால், கூடங்குளத்தைச் சந்தேகித்துச் சைரஸை நம்பியிருப்போம். உண்மை அதற்கு நேர்மாறு.

ஆகவே சரக்கு தானாகப் பேசாது. இதை நம் கிதாபுகள் முன்பே ஆராய்ந்திருக்கின்றன. பிக்ஹு ஓதியவர்களுக்குத் திராட்சையைப் பற்றிய மஸ்அலா நினைவிருக்கும். மது காய்ச்சுகிறவனுக்குத் திராட்சையை விற்கலாமா? வாங்குகிறவன் அதற்கே வாங்குகிறான் என்று திட்டமாகத் தெரிந்தால் ஹராம், சந்தேகம் மட்டுமானால் மக்ரூஹ் என்பது ஷாஃபி மத்ஹபின் வழி. இமாம் அபூஹனீபா அவர்களோ பழரசத்தை விற்கலாம் என்றார்கள். பாவம் அந்த ரசத்தில் இல்லை, அது மாறியபின் வருவது என்பது அவர்களுடைய நியாயம். அவர்களுடைய மாணவர் இருவரும் அதை மக்ரூஹ் என்றார்கள். ஆனால் குழப்பக் காலத்தில் குழப்பக்காரனுக்கு ஆயுதம் விற்பதை ஹனஃபிகளும் வெறுத்தார்கள். ஏனெனில் அங்கே தீங்கு அந்தப் பொருளாலேயே நடப்பது. இடையில் மாற்றம் ஒன்றும் வேண்டியதில்லை. இத்தனை பேரறிஞர்கள் ஒரு கூடைப் பழத்தின் மீது இவ்வளவு யோசித்திருக்கும்போது, நாம் யுரேனியத்தை ஒரே வார்த்தையில் தீர்த்துவிடலாமா?

நம் தோட்டப்புறத்து உதாரணம் சொல்லுகிறேன். சீனி விற்காத மளிகைக் கடை இல்லை. கள்ளச் சம்சு காய்ச்சுகிறவனுக்கும் சீனிதான் வேண்டும். அதற்காகச் சீனி கேட்கும் ஒவ்வொருவரையும் சம்சுக்காரன் என்று பார்த்தால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் நாலு பேர் உள்ள வீட்டுக்காரன் மாதம் ஐந்து கிலோ வாங்கிவந்தவன், ஒரே நாளில் மூன்று மூட்டை கேட்டு, ஈஸ்ட்டும் கூடக் கேட்டு, பற்றுப் புத்தகத்தில் எழுதாதே என்று சொல்லி, இருட்டியபின் பின்வாசலில் லாரியை நிறுத்தினால் என்ன நினைப்போம்? வீட்டில் கலியாணமாக இருக்கலாம். கலியாணமானால் ஊருக்குத் தெரிந்திருக்கும், ஈஸ்ட் வேண்டியிராது, இருட்டும் வேண்டியிராது. இங்கே சீனி பேசவில்லை. அளவு பேசுகிறது, சொல்லிய தேவைக்கும் வாங்கிய சாமானுக்கும் பொருத்தமின்மை பேசுகிறது, மறைவு பேசுகிறது. இம்மூன்றும் சேர்ந்தால் கேட்டே தீர வேண்டும்.

இந்த மூன்றையும் நம் நாட்டிலேயே ஒத்துப் பாருங்கள். பாங்கியில் 1982ஆம் ஆண்டு முதல் ஓர் ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது. அதன் எரிபொருளில் ஏறக்குறைய இருபது விழுக்காடுவரை செறிவூட்டிய யுரேனியம் உண்டு. மின் உலையில் உள்ளதைவிட எத்தனையோ மடங்கு செறிவு. எனினும் மலேசியா குண்டு செய்கிறது என்று எவரும் கூறவில்லை. ஏன்? அளவு சொற்பம், ஒரு மெகாவாட் உலைக்குப் பொருத்தமானது, சர்வதேச அணுசக்தி ஏஜென்சியாருக்குக் கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறது. இதே நாடு 1970இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதி செய்தது. தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக்கும் 1995ஆம் ஆண்டுப் பாங்காக் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது.

நிற்க. இப்படிச் சுத்தமான கணக்கு வைத்திருந்த நம் நாட்டிலேயே ஒரு காரியம் நடந்தது. இளைஞர் பலர் அறியமாட்டார்கள், ஆகவே சொல்லுகிறேன்.

2003 அக்டோபரில் பிபிசி சைனா என்ற சரக்குக் கப்பல் லிபியாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பி ஐந்து கொள்கலங்களை இறக்கினார்கள். மரப்பெட்டிகளுக்குள் இருந்தவை யுரேனியச் சுழல் இயந்திரத்துக்கான உறுப்புகள். அவை கடையப்பட்டது ஷா ஆலமில், ஸ்கோமி பிரிசிஷன் என்ஜினியரிங் என்ற தொழிற்சாலையில். 2001இல் பேசப்பட்ட வியாபாரம். ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் வெள்ளி பெறுமானம். 2002 டிசம்பர் முதல் நான்கு தவணையாகத் துபாய்க்கு அனுப்பியது. ஆர்டர் கொண்டுவந்தவர் புஹாரி செய்யது அபூதாஹிர். இலங்கையைச் சேர்ந்தவர், துபாயில் வாணிபம் செய்தவர், இந்நாட்டில் பெண் எடுத்தவர். பெயராலும் பிழைப்பாலும் நமக்குத் தூரமானவரல்லர். பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கானின் ரகசிய வலைக்கு அவர் தரகர் என்பது குற்றச்சாட்டு. 2004 பிப்ரவரி 4ஆம் தேதி கான் தொலைக்காட்சியில் தோன்றிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அமெரிக்க அதிபர் புஷ், தாஹிரின் பெயரைச் சொல்லியே பேசினார்.

2004 பிப்ரவரி 20ஆம் தேதி மலேசியப் போலீசார் தம் விசாரணை அறிக்கையை வெளியிட்டார்கள். தொழிற்சாலையாருக்குச் சரக்கின் உண்மையான உபயோகம் தெரியாது, எண்ணெய் எரிவாயுத் தொழிலுக்கான சாதாரண உறுப்புகள் என்றே நம்பினார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. பெட்டிகளின் மீது தொழிற்சாலையின் பெயர் பகிரங்கமாகவே இருந்தது. கள்ளச் சரக்கு அனுப்புகிறவன் பெட்டியில் தன் விலாசத்தை எழுதுவானா? ஆனால் அதே அறிக்கையில் வேறொரு செய்தியும் உண்டு. அங்கே ஆலோசகராக அமர்த்தப்பட்டிருந்த சுவிஸ் பொறியாளர் உர்ஸ் டின்னர், வேலை முடிந்து போகும்போது தன் கம்ப்யூட்டரின் வட்டையும் தன்னைப் பற்றிய கோப்பையும் எடுத்துப் போய்விட்டார். ஒரே கூரையின் கீழ் ஒரே சரக்கு. ஒரு கை பெயரை எழுதுகிறது, இன்னொரு கை தடத்தை அழிக்கிறது. நிய்யத்து எங்கே வெளிப்பட்டது? அலுமினியத்தில் அல்ல, புத்தகத்தை மூடுவதில்.

தாஹிர் 2004 மே மாதம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, நீதிமன்றத்தில் விசாரணையின்றியே 2008 ஜூன் வரை காவலில் இருந்து வெளிவந்தார். ஆகவே அவரைக் குறித்து ஒரு நீதிபதியின் தீர்ப்பு இல்லை. நாமும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். டின்னரைச் சுவிஸ் நீதிமன்றம் 2012இல் தண்டித்தது. அந்த வலையில் ஜெர்மானியரும் தென்னாப்பிரிக்க வெள்ளையரும் இருந்தார்கள். அவர்களுடைய நாட்டு நீதிமன்றங்களிலும் தண்டனை விழுந்தது. இதை ஒரு மதத்தாரின் குற்றமாகப் பேசுவது எவ்வளவு பிழையோ, மதத்தின் பேரால் பூசி மறைப்பதும் அவ்வளவு பிழை. லாபமே அங்கு எல்லாருக்கும் பொதுவான மொழி.

இனி அதே 2003ஆம் ஆண்டின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஈராக் தேசம் அலுமினியக் குழாய்கள் வாங்கியிருந்தது. அவை யுரேனியச் சுழல் இயந்திரத்துக்கே என்று அமெரிக்கா சாதித்தது. பிப்ரவரி 5ஆம் தேதி அதன் வெளிவிவகார மந்திரி பாவெல், ஐக்கிய நாட்டுப் பாதுகாப்புச் சபையில் அக்குழாய்களை எடுத்துக்காட்டிப் பேசினார். மார்ச் 7ஆம் தேதி ஏஜென்சியின் தலைவர் எல்பரதேய், தாம் விசாரித்த அளவில் அவை சுழல் இயந்திரத்துக்கானவையாகத் தோன்றவில்லை என்று அதே சபையில் சொன்னார். கேட்பாரில்லை. மார்ச் 20ஆம் தேதி யுத்தம் தொடங்கிற்று. ஊர்கள் அழிந்தபின், அமெரிக்கா தானே அனுப்பிய ஆய்வுக் குழு தேடிப்பார்த்து, அவை சாதாரண ராக்கெட்டுக்கான குழாய்களே என்ற முடிவுக்கு வந்தது.

ஒரே வருஷம், இரண்டு அலுமினியம். ஷா ஆலமில் நம்பினார்கள், நம்பிக்கை பொய்த்தது. பாக்தாதில் சந்தேகித்தார்கள், சந்தேகம் பொய்த்தது. "யாரையும் சந்தேகிக்காதே" என்று மட்டும் உபதேசித்தால் ஷா ஆலமில் தோற்போம். "சந்தேகம் வந்தால் வெட்டு" என்று உபதேசித்தால் பாக்தாதில் பாவியாவோம். இரண்டுக்கும் பொதுவான ஒரு விதி வேண்டும். என் சிற்றறிவுக்கு எட்டிய விதி இதுதான்: கொடுக்காமல் நிறுத்திக்கொள்ளச் சந்தேகம் போதும், தண்டிக்கச் சந்தேகம் போதாது.

காரணம் சொல்லுகிறேன். மூன்று மூட்டைச் சீனி கேட்டவனிடம், "எதற்கு?" என்று கேட்டு, பதில் பொருந்தாவிட்டால், "இல்லை, அண்ணே" என்று சொல்லிவிடுகிறேன். அவன் உண்மையில் கலியாண வீட்டுக்காரனாயிருந்தால் என்ன நஷ்டம்? எனக்குக் கொஞ்சம் லாபம் போயிற்று. அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். வேறு கடையில் வாங்கிக்கொள்வான், நாளைக்கு வந்து விளக்கினால் நானே தருவேன். இந்தப் பிழை திருத்தக்கூடிய பிழை. ஆனால் சந்தேகத்தின் பேரில் நான் போய் அவன் வீட்டைக் கொளுத்திவிட்டால்? உள்ளே இருந்தது பாயசச் சட்டிதான் என்று பிறகு தெரிந்தால் எந்தத் தராசில் அதை ஈடு செய்வேன்? காரியம் எவ்வளவு திருத்த முடியாததோ, ருசு அவ்வளவு கனமாக இருக்க வேண்டும். நாம் தங்கத்துக்கு ஒரு தராசும் விறகுக்கு ஒரு தராசும் வைத்திருப்பது இதற்காகவே.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு; அதை மறைக்கக் கூடாது. "சம்சு குடித்தவன் ஒருவன் கெடுவான், அணுகுண்டு விழுந்தால் ஊரே போகும். முழு ருசு கிடைக்கும்வரை காத்திருந்தால், அந்த ருசு வெடிப்பாகத்தான் வரும்" என்பது அது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் விழுந்தது செறிவூட்டிய யுரேனியம்தான். ஒரே ஒரு குண்டு, ஒரு நகரம். ஆகவே இந்த ஆட்சேபத்தை இலேசாகத் தள்ள முடியாது. ஆனால் காத்திருப்பதற்கும் கொளுத்துவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அது கணக்குப் பரிசோதனை. கிட்டங்கியைத் திற, மூட்டையை எண்ணு, முத்திரை வை, மறுபடி வந்து எண்ணு. ஏஜென்சியாரின் வேலை இதுதான். நிய்யத்தை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. ஆனால் சரக்கு இருப்பை அளக்கலாம். இருப்பு கண்ணெதிரே இருக்கும்வரை, கெட்ட நிய்யத்துக்காரனும் காரியத்தை முடிக்க அஞ்சுவான். நல்ல நிய்யத்துக்காரனுக்கு அது பாதுகாப்பும் ஆகும்.

இந்த அளவுகோலால் ஈரானை நிதானமாக நிறுப்போம். அந்நாட்டுக்குப் பாதகமானவை எவை? நதான்ஸ் ஆலையை அந்நாடு தானாக அறிவிக்கவில்லை. 2002இல் எதிர்க்கட்சியார் வெளியிட்டபின்பே உலகம் அறிந்தது. கானின் வலை மூலம் பழைய சுழல் இயந்திரங்கள் ஈரானுக்குப் போனதாகத் தாஹிர் சொன்னதும் நம் போலீசாரின் அறிக்கையில் இருக்கிறது. அந்நாட்டில் ஓடிய மின் உலை புஷஹ்ரில் இருக்கும் ஒன்றே. அதற்கு ருஷ்யா எரிபொருள் கொடுத்தது. அப்படியிருக்க 2021 ஏப்ரல் முதல் அறுபது விழுக்காட்டுக்குச் செறிவூட்டினார்கள். 2025 ஜூனில் அந்த அறுபது விழுக்காட்டுச் சரக்கு ஏறக்குறைய 440 கிலோ இருந்ததாக ஏஜென்சியின் மதிப்பு. முறத்துக் கணக்கை நினைவுகொள்ளுங்கள். நாலே கல் பாக்கி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இது மூன்று மூட்டைச் சீனிதான்.

சாதகமானவை எவை? 2015 ஜூலையில் வல்லரசுகளோடு செய்த ஒப்பந்தப்படி 3.67 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டுவதில்லை, 300 கிலோவுக்கு மேல் இருப்பு வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை ஈரான் அனுசரித்து வருகிறது என்று ஏஜென்சியார் பலமுறை எண்ணிப்பார்த்துச் சொன்னார்கள். 2018 மே மாதம் அதிலிருந்து விலகியது அமெரிக்கா. அறுபது விழுக்காடு அதற்குப் பின் வந்ததே. அணு ஆயுதம் செய்வதும் வைத்திருப்பதும் உபயோகிப்பதும் மார்க்கத்தில் ஆகாது என்று அயத்துல்லா காமெனி ஃபத்வா கொடுத்திருப்பதாக, 2005இல் வியன்னாவில் ஈரான் அரசு அறிவித்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க உளவுத் துறைகளின் தலைவரே, ஈரான் குண்டு செய்துகொண்டிருக்கவில்லை என்பது தம் மதிப்பீடு என்று அந்நாட்டுச் சட்டசபையில் சொன்னார்.

இவ்விரண்டையும் தட்டில் வைத்தால் என்ன தெரிகிறது? விளக்குக்கு மட்டும் என்று சொல்லவும் முடியவில்லை. குண்டுக்கே என்று சொல்லவும் முடியவில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம். அது வியாபாரிக்குத் தெரிந்த ஒன்று. சரக்கை விற்பதற்கும் அல்ல, தின்பதற்கும் அல்ல, பேரத்துக்காக வைத்திருப்பது. "நான் நினைத்தால் முடியும்" என்று எதிராளிக்குக் காட்டுவதற்காக வாசற்படிவரை வந்து நிற்பது. தொழுகைக்கு நிற்கிறவன் தக்பீர் கட்டும்போது நிய்யத்து வைக்கிறான். ஸஃப்பில் வந்து நிற்பதாலேயே எந்தத் தொழுகை என்று பிறருக்குத் தெரியாது. வேண்டுமென்றே நிய்யத்தைக் கட்டாமல் நிற்கும் தேசங்கள் உண்டு. அப்படி நிற்பது குற்றமில்லாத நிலை என்று நான் சொல்லமாட்டேன். பிறரைப் பயத்தில் வைத்திருப்பதே ஒரு தீங்கு. பயந்தவன் கையில் கத்தி இருந்தால் அது வாசற்படியில் நிற்கிறவனுக்கும் ஆபத்து.

ஆகவே என் முடிவு: அறுபது விழுக்காடு, கேட்பதற்குப் போதும், பரிசோதிக்கப் போதும், சாமான் விற்க மறுக்கவும் போதும். குண்டு வீசப் போதாது. வீசியதன் பலனையும் பார்த்தோம். ஜூன் 13ஆம் தேதி இஸ்ரேலும், 22ஆம் தேதி அமெரிக்காவும் தாக்கின. ஜூலை முதல் வாரத்திலேயே ஈரான், ஏஜென்சியோடு ஒத்துழைப்பை நிறுத்தச் சட்டம் செய்தது. கிலோக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த சரக்கு எங்கே இருக்கிறதென்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. திருட்டைத் தடுக்கப் போகிறேன் என்று கணக்கப்பிள்ளையை விரட்டினாற்போல் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தராசு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். இஸ்ரேல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவேயில்லை. டிமோனாவைச் சர்வதேசப் பரிசோதகருக்குத் திறந்து காட்டியதுமில்லை. அமெரிக்காவும் ருஷ்யாவும் ஆயிரக்கணக்கில் குண்டுகளை அடுக்கிவைத்திருக்கின்றன. தன் கடையில் கள்ளப் படிக்கல்லை வைத்துக்கொண்டு அடுத்த கடைக்காரனின் படிக்கல்லைச் சோதிக்கிறவனை ஊரார் மதிப்பார்களா? ஆனால் எச்சரிக்கை: அவனுடைய படிக்கல் கள்ளம் என்பதால் நம்முடையது சரியாகிவிடாது. "அவர்கள் வைத்திருக்கிறார்களே" என்பது கேள்வி கேட்பவனின் யோக்கியதையைக் குறைக்கும். கேள்விக்குப் பதில் ஆகாது. நம்மவர் தர்க்கத்தில் இந்தச் சறுக்கலை அடிக்கடி காண்கிறேன்.

கடைசியாக, இதெல்லாம் வல்லரசுகளின் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். ஷா ஆலமில் நடந்தது வியாபாரம், செய்தவர்கள் வியாபாரிகள். நம் கெடா மாநிலத்தில் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் நுட்பமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைகள் பெருகியிருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். நம்மில் சிலர் சாமான் வாங்கிக் கொடுக்கிறார்கள், சரக்கேற்றி அனுப்புகிறார்கள், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் தரகு பார்க்கிறார்கள். 2010இல் நம் அரசாங்கம் கேந்திர வாணிபச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள பொருளை அனுமதியின்றி அனுப்பினால் கடுந்தண்டனை. பட்டியலில் இல்லாத பொருளானாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறதென்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அதுவும் சட்டத்துக்குள் வரும். திராட்சை மஸ்அலாவை ஓதியவனுக்கு இந்தச் சட்டம் புதிதாகத் தோன்றாது.

ஆகவே ஆர்டர் வரும்போது கேளுங்கள். கடைசியில் உபயோகிக்கப்போகிறவர் யார்? சொன்ன தொழிலுக்கும் கேட்கும் சாமானுக்கும் பொருத்தம் உண்டா? சந்தை விலைக்கு மேல் கொடுத்து, ரசீதில் வேறு பெயர் எழுதச் சொல்கிறாரா? படத்தைக் காட்டிவிட்டு உடனே திருப்பி வாங்கிக்கொள்கிறாரா? நேரே போகவேண்டிய சரக்கு மூன்று துறைமுகம் சுற்றிப் போகிறதா? நல்ல பதில் கிடைத்தால் மனப்பூர்வமாக விற்பனை செய்யுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ரிஸ்க்குக்கு வேறு வாசல் உண்டு. அதோடு, கேட்பவர் தாடி வைத்தவரா, என்ன தேசத்தவர், என்ன பெயர் என்று பார்த்துக் கேட்காதீர்கள். எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் அது நேர்மை. சிலரிடம் மட்டும் கேட்டால் அது அவமதிப்பு.

"எனக்குத் தெரியாது" என்பது சில சமயம் உண்மையான பதில். ஆனால் தெரிந்துகொள்ள வழியிருந்தும், லாபம் போய்விடுமே என்று கேட்காமல் இருந்தவனுடைய "தெரியாது" எப்படிப்பட்டது? நிய்யத்து வாங்குகிறவனுக்கு மட்டுமா உண்டு? விற்கிறவனுக்கும் உண்டு. கேட்காமல் கண்ணை மூடிக்கொள்வதும் ஒரு நிய்யத்தே. பிறர் மனத்தில் இருப்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். நம் மனத்தில் இருப்பதை நாமும் அறிவோம். அதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.

அளவில் நேர்மையையும், கேட்பதில் தைரியத்தையும், தீர்ப்பில் நிதானத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.